ஒரு கைப்பிடி யூரியா

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். எடுத்தாலும் உன் காதுக்கு எட்டும்படி நான் கத்த வேண்டும். நான் கத்தினால் இந்த அடுக்குமாடியில் நாலு தளத்துக்கும் நம் வீட்டு விஷயம் போய்ச் சேரும். வாழ்நாள் முழுக்க டிராக்டர் மேல் உட்கார்ந்தவன் காதை நான் குறை சொல்லவில்லை. கடிதம் என்றால் ஒரு வசதியும் இருக்கிறது. பாதியில் நீ எழுந்து போக முடியாது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி வரும் திங்கட்கிழமை உன் வீட்டுக்கு வருகிறாள். பின்னாலேயே லாரியில் அவளுடைய ரியாக்டர் வரும். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதே, வெடிக்கிற சமாச்சாரம் இல்லை. ஆளுயரத்தில் இரண்டு இரும்புப் பீப்பாய், கொஞ்சம் குழாய், ஒரு மோட்டார், அவ்வளவுதான். அந்தப் பீப்பாய்க்குள் அவள் வளர்க்கிற பூச்சிகள் இருக்கின்றன. பூச்சி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "பாட்டி, பூச்சி இல்ல, பாக்டீரியா. பூச்சிக்குக் கால் இருக்கும்" என்பாள். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குக் கால் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. உன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பக்கம் உள்ளே விட்டால், அதில் கலந்திருக்கிற களைக்கொல்லியை அவை தின்றுவிட்டு, மறுபக்கம் நல்ல தண்ணீராக அனுப்புமாம். ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிவிட்டாள். வெளியே ஒரு நிஜக் கிணற்றில் செய்வது இதுதான் முதல் தடவை. இப்படி ஒரு மூளை உங்கள் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. கண்ணாடியை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

பேப்பரில் வந்ததற்காக நீ இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாகக் கேள்வி. அந்த நிருபர் வீடு தேடி வந்து, பேத்தியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எந்தக் கிணறு என்றார். என் தம்பி கிணறு என்றேன். "தம்பி கெடுத்தான், பேத்தி சுத்தம் பண்றா" என்று நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் என் பேச்சை அச்சில் போட்டார், சிரிப்பைப் போடவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அவள் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுவாள், கவனித்துக்கொள். தலையணை இரண்டு வேண்டும். வேலையில் மூழ்கிவிட்டால் கூப்பிட்டது காதில் விழாது. அந்த விஷயத்தில் நீங்கள் இரண்டு பேரும் நல்ல ஜோடி.

அக்கா

---

மார்ச் 19

அக்காவுக்கு,

உன் பேத்தி வந்து சேர்ந்தாள். மாடி அறையைக் கொடுத்திருக்கிறேன். தலையணை இரண்டு. காலையில் சாப்பிடுகிறாள். உன் வீட்டில் ஏன் சாப்பிடுவதில்லை என்று நான் கேட்கவில்லை.

சிரிப்பை அச்சில் போட முடியாது என்பது வாயைத் திறப்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் அந்தப் பக்கத்தை வெட்டிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். நான் சோப்பு வாங்கப் போனபோது, அதைப் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். நீ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது நல்லதாயிற்று. பத்தாவது வரை போயிருந்தால் தலையங்கமே எழுதியிருப்பாய்.

எழுதியது பொய் இல்லை என்பதுதான் தொல்லை. மக்காச்சோளத்துக்கு நான் அடித்த களைக்கொல்லிதான் கிணற்றில் இறங்கியது. தெளிப்பானைக் கிணற்றடியில் வைத்துத்தான் கழுவினேன். எல்லோரும் அப்படித்தான் கழுவினார்கள். ஆனால் தெருக்குழாய்க்குத் தண்ணீர் போனது என் கிணற்றிலிருந்து. இரண்டு வருடமாகத் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். காலையில் லாரி வரும். வாளியோடு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். நான் போய் நின்றால் எனக்கு முன்னால் இருப்பவர் முதுகு மட்டும் தெரியும். பக்கத்து வீட்டு டீச்சரம்மா, என் மனைவி இருந்தவரை தினமும் வேலிக்கு மேல் பேசிக்கொண்டே இருந்தவர், இப்போது வேலிப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை.

ரியாக்டரைப் பழைய உரக்கொட்டகையில் வைத்திருக்கிறாள். கொட்டகையைத் தண்ணீர் அடித்து மூன்று முறை கழுவச் சொன்னாள், கழுவினேன். முதல் பீப்பாய் தண்ணீரைத் தயார் செய்யும், இரண்டாவது பீப்பாய் தின்னும் என்று வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினாள். என்னிடம் எதைச் சொல்வதென்றாலும் பலகையில்தான் எழுதுவாள். கத்துவதில்லை. இரண்டாவதில் பாட்டில் மூடி போல ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் மேல்தான் உன் பூச்சிகள் வழுவழுவென்று படர்ந்திருக்கின்றன.

நகராட்சி அதிகாரி வந்து பார்த்தார். சுவரில் ஒரு வரைபடம் மாட்டி அதில் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருக்கிறார்கள். குடிக்கலாம் என்பதற்கான எல்லை அது. ஜூன் முடிவதற்குள் தண்ணீரில் இருக்கிற விஷத்தின் அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் கிணறு இருக்கும். வராவிட்டால் கான்கிரீட் ஊற்றி மூடிவிடுவார்கள். கிணறு போனால் வயலும் போயிற்று. விற்றுவிட்டு, மகன் வீட்டு பால்கனியில் பூந்தொட்டிகளுக்கு நடுவே நானும் ஒரு தொட்டியாக உட்கார வேண்டியதுதான்.

தம்பி

---

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

கிணற்று விஷம் பாதியாகக் குறைந்துவிட்டதாமே. அவள் போனில் சொன்னதும் நான் செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கிப் போய் வாசல் காவலாளியிடம் சொன்னேன். பிறகு பல் டாக்டரிடம் சொன்னேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னதால் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. மூன்றாம் தளத்து அம்மாளுடைய பேரன் விமானம் ஓட்டுகிறான். இத்தனை நாள் அதைக் கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்துவிட்டது. விமானம் ஓட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விஷத்தைத் தின்ன வைக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்குகிறாள். முட்டி வலிக்காரி.

ஒன்று மட்டும் என் மனதில் உறுத்துகிறது. அதுகளுக்கு வேறு என்ன சாப்பாடு போடுகிறாய் என்று அவளிடம் கேட்டேன். சர்க்கரைப்பாகு என்றாள். வேறு? வேறு ஒன்றும் இல்லையாம். வெறும் சர்க்கரைத் தண்ணீர், அதுவும் அளந்து அளந்து. நான் மூன்று பிள்ளை வளர்த்தவள். சர்க்கரைத் தண்ணீரில் எந்த உயிரும் தேறாது. ஒரு பக்கம் விஷம், மறுபக்கம் சர்க்கரை, நடுவில் சத்து என்று ஒன்று வேண்டாமா? அதையும் கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டு, "அது அப்படித்தான் பாட்டி, வைக்கட்டுமா" என்று வைத்துவிட்டாள். படித்த பிள்ளைகளிடம் இதுதான் ஒரு குறை. நாம் கேட்டால் சிரிப்பார்கள்.

நீ மண்ணில் எதைப் போட்டாலும் முளைக்க வைப்பவன். கூடவே இருக்கிறாய். எது வாடுகிறது, எதற்கு என்ன வேண்டும் என்று பார்த்தாலே உனக்குத் தெரியும். அதுகளையும் கொஞ்சம் பார். பாதி வயிற்றோடு இருந்தே பாதி குறைத்தவை, வயிறு நிறைந்தால் என்ன செய்யாது? அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

அக்கா

---

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

முட்டி வலிக்காரியைப் படியில் இறங்க வைத்தது தப்பு. லிப்டில் ஏறி மன்னிப்புக் கேள்.

கோடு இறங்குவது உண்மை. வாரம் ஒரு நாள் அவள் தண்ணீர் மாதிரியை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாள். அங்கிருந்து முடிவு வர அடுத்த வாரம் ஆகிறது. வந்ததும் சுவர்ப்படத்தில் ஒரு புள்ளி வைப்பாள். நான் எட்ட நின்று பார்ப்பேன். போன வாரம் புள்ளி வைத்துவிட்டு, பேனாவை என் கையில் கொடுத்து, பழைய புள்ளியிலிருந்து கோட்டை இழுக்கச் சொன்னாள். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. பரவாயில்லை, கீழ்நோக்கித்தானே போகிறது என்று பலகையில் எழுதினாள்.

நீ சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. பாகு வைக்கிற டிரம்மைப் பார்க்கும்போதெல்லாம், பால் இல்லாத குழந்தைக்குத் தண்ணீர் காட்டுவது போல இருந்தது. எது வளர வேண்டுமென்றாலும் யூரியா வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டையில் மீதம் கொஞ்சம் இருந்தது. காலையில் அவள் மேலே குளிக்கப் போகிற நேரத்தில் டிரம்மில் ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கிவிடுகிறேன். இரண்டு வாரமாகப் போடுகிறேன். இப்போது அந்த வழுவழுப்பு நன்றாகத் தடித்துவிட்டது. உரம் வைத்த நாற்று கறுத்து நிற்குமே, அந்த மாதிரி.

அவளிடம் சொல்லவில்லை. தாத்தா மூக்கை நுழைக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. கோடு சிவப்புக்குக் கீழே போன பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஊர் கெட்டது என்னால். நல்லதாவதிலும் என் கை இருந்தது என்று எனக்காவது தெரிந்திருக்கட்டும்.

தம்பி

---

மே 11

தம்பிக்கு,

நேரடியாகவே கேட்கிறேன். மறுபடியும் மருந்து அடித்தாயா?

அவள் நேற்றுப் பேசினாள். குரலே இல்லை. மூன்று வாரமாகக் கோடு மேலே போகிறதாம். இன்னும் கொஞ்சம் விட்டால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுமாம். "எங்க தப்புன்னே தெரியல பாட்டி" என்றாள். அவள் வாயிலிருந்து தெரியல என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

தெரியாமல் எப்படி இருக்கும்? கிணற்றுக்குள் களைக்கொல்லி தானாக ஊறுமா? வயலில் களை மண்டியிருக்கும், உனக்கு மனசு கேட்டிருக்காது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அடிப்போம், யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்திருப்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு வரப்பில் ஒரு புல் இருந்தால் தூக்கம் வராது. எனக்குத் தெரியாதா?

நான் இங்கே எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் தெரியுமா? பல் டாக்டர் போன வாரம், என் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால், "கிணறு எப்படி இருக்கு" என்று கேட்டார். வாயைப் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் தப்பித்தேன். அது போகட்டும். அவள் நெற்றியில் தோற்றவள் என்று எழுதிவிடாதே. அடித்திருந்தால் அவளிடம் சொல்லிவிடு. என்னிடமும் சொல்.

அக்கா

---

மே 18

அக்காவுக்கு,

இல்லை.

இரண்டு வருடமாக ஒரு டப்பாவைத் திறக்கவில்லை. தெளிப்பானைப் பழைய இரும்புக்குப் போட்டேன். வயல் ஓரமெல்லாம் இடுப்பளவு களை நிற்கிறது, வந்து பார். கையால்தான் பிடுங்குகிறேன். இந்தக் கேள்வியை உன் பேத்தியும் கேட்டாள். பலகையில் எழுதி, நான் இல்லை என்று தலையாட்டியதும் உடனே அழித்துவிட்டாள். நீ மையில் எழுதி அனுப்பியிருக்கிறாய்.

இதை நேற்று எழுதி வைத்தேன். தபாலில் போடுவதற்குள் இன்று ஒன்று நடந்துவிட்டது. அதையும் இதிலேயே எழுதுகிறேன்.

பாக்டீரியா முன்னைவிடப் பல மடங்கு பெருகியிருக்கிறதாம், ஆனால் வேலை மட்டும் செய்யவில்லையாம். அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. இன்று பீப்பாய்த் தண்ணீரை வேறு ஒரு சோதனைக்கு விட்டாள். அதில் தழைச்சத்து, அவள் பாஷையில் நைட்ரஜன், நிறைய இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் குழாய் குழாயாகக் கழற்றிப் பார்த்தாள். தழைச்சத்து இருந்தால் என்ன, நல்லதுதானே என்று நான் கேட்டேன். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பலகை நிறைந்து, அழித்து, மறுபடியும் எழுதினாள்.

அவள் எழுதியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அந்தக் களைக்கொல்லிக்குள்ளேயும் கொஞ்சம் தழைச்சத்து இருக்கிறது, பூட்டுப் போட்ட மாதிரி. பூட்டை உடைப்பது கஷ்டமான வேலை. வேறு எங்கேயும் கிடைக்காதபோதுதான் இவை அதை உடைக்கும். அதற்காகத்தான் வெறும் சர்க்கரைப்பாகு. தெம்புக்குச் சர்க்கரை உண்டு, தழைச்சத்து மட்டும் கிடையாது. நம் வயல் உரம் கிணற்றில் இறங்கியிருக்குமே, அதைப் பிடித்து வைக்கத்தான் முதல் பீப்பாய். எளிதாகக் கிடைத்துவிட்டால் எதற்கு விஷத்தைத் தொடப்போகின்றன?

அக்கா, யூரியா என்பதே தழைச்சத்துதான். இது எனக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும்.

அவள் முதல் பீப்பாய்தான் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறாள். உரம் அடித்த நிலத்துக் கிணறுகளுக்கு இந்த முறை ஒத்துவராது என்று அறிக்கை எழுதப் போகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், வெளியாள் கை வைத்த சோதனை செல்லாது என்று அதிகாரி கிணற்றை மூடிவிடுவார். சொல்லாவிட்டால், அவள் மூன்று வருடமாகச் செய்த வேலை பொய்யாகிவிடும். ஜூன் முதல் வாரம் தெருக்காரர்களை வைத்துக் கூட்டம் போடுகிறார்கள். யூரியா போடுவதை இன்றோடு நிறுத்திவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தம்பி

---

மே 26

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

நீ ஒன்றும் சொல்லாதே. நிறுத்திவிட்டாய் அல்லவா, அது போதும். உள்ளே இருக்கிற யூரியாவைத் தின்று தீர்த்ததும் அதுகள் வேலைக்குத் திரும்பிவிடும். ஜூன் முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கோடு இறங்கிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அறிக்கையை அவசரப்பட்டு எழுதாதே என்று நான் அவளுக்குப் போன் செய்து சொல்கிறேன். காரணம் கேட்டால், வயதானவள் கனவு கண்டேன் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், மூட்டை தவறிக் கொட்டிவிட்டது என்று சொல். கிழவனுக்குக் கை நடுங்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எப்படிச் சொன்னாலும், நான் எழுதியதை மட்டும் இழுக்காதே. நான் சத்து என்றுதான் எழுதினேன். யூரியா என்று எழுதவில்லை. நீ என் கடிதத்தை எடுத்துப் பார். அவள் இந்த உலகத்தில் ஒருவரிடம்தான் வேலையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவாள், அது நான். அவள் அப்பனுக்கு நேரம் இல்லை, அம்மாவுக்குப் பொறுமை இல்லை. பாட்டியிடம் சொன்னால் கெட்டது என்று ஆகிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது?

இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

அக்கா

---

ஜூன் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் தாமதமாக வந்தது. அது வரும்போது நான் அவளிடம் சொல்லி முடித்திருந்தேன். முன்னாலேயே வந்திருந்தால் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. கிழிக்கவும் இல்லை. உன் எழுத்தைக் கிழித்துப் பழக்கமில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து முதல் பீப்பாயின் அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கறுப்பு. பக்கத்தில் போய் நின்று, "அதுல ஒண்ணும் இல்லம்மா. நான்தான் பாகுல யூரியா போட்டேன். பட்டினியா இருக்குன்னு போட்டேன்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. பலகையை எடுத்து, எப்போதிலிருந்து, ஒரு தடவைக்கு எவ்வளவு, எப்போது நிறுத்தினீர்கள் என்று எழுதினாள். என் கைப்பிடியளவு யூரியாவை எடுக்கச் சொல்லித் தராசில் நிறுத்தாள். பிறகு டிரம்மைக் கவிழ்த்துக் கழுவினாள். எல்லாம் முடிந்த பிறகு, "தாத்தா, இனிமே உள்ள வராதீங்க" என்றாள். பலகையில் எழுதவில்லை, வாயால் சொன்னாள். உதடு அசைந்ததிலேயே தெரிந்தது. மறுநாள் கொட்டகைக்குப் புதுப் பூட்டு.

கூட்டம் பள்ளிக்கூட அறையில் நடந்தது. சின்னப் பெஞ்சுகளில் முட்டி இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சுவர்ப்படத்தைக் காட்டிப் பேசினாள். யூரியா கலந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள் போலிருக்கிறது. என் பக்கம் கையே நீட்டவில்லை. அதிகாரி ஏதோ கேட்டார், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன கேட்டிருப்பார் என்று எனக்கே தெரிந்தது. எழுந்து நின்றேன். என் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று எனக்குத் தெரியாது, எல்லோரும் பின்னால் சாய்ந்ததைப் பார்த்தால் பெரிதாகத்தான் போயிருக்கும். "நான்தான் போட்டேன். தினமும் போட்டேன். அதுங்க வெறும் சர்க்கரைத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்குதேன்னு பாவம் பார்த்துப் போட்டேன்" என்றேன்.

எல்லோரும் வாயைத் திறந்தார்கள்.

சிரிப்பும் வசவும் சத்தம் இல்லாமல் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், அக்கா. வாய் திறந்திருக்கும், பல் தெரியும், தோள் குலுங்கும். எது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். கிணறு போயிற்று என்றுதான் நினைத்தேன். உட்காரக்கூடத் தோன்றவில்லை. பிறகு டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன், அப்போதுதான் புரிந்தது. அவர் சொன்னதை உன் பேத்தி பிறகு எழுதிக் காட்டினாள். "பாக்டீரியாவுக்கும் ஆக்கிப் போட்டீங்களா?" என்று கேட்டாராம்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட ஆரம்பித்த வாரம் கோடு நிற்கிறது, பிறகு ஏறுகிறது. நிறுத்திக் கழுவிய பிறகு லேசாகத் தலையைக் குனிகிறது. இதைக் காட்டித்தான் அவள் அவரோடு வாதாடினாள். என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள். மழைக்காலம் முடியும் வரை. அதுவரை கிணற்றை மூட மாட்டார்கள்.

உன் பெயரை நான் எங்கேயும் எடுக்கவில்லை. கவலைப்படாதே. என்னோடு அவள் வேலையைத் தவிர ஒன்றும் பேசுவதில்லை. சாப்பிட வருகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், போகிறாள். கொட்டகை வாசலில் நின்றால் மோட்டார் ஓடுவது காலில் அதிர்கிறது. அதை வைத்து, நடக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

தம்பி

---

ஜூன் 17

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. நீயே சுருக்கிச் சொல்லாதே, பாதியை மென்று விழுங்கிவிடுவாய். முழுதாக அவள் கையில் கொடு.

குட்டிம்மா, பாட்டி எழுதுகிறேன். தாத்தா யூரியா போட்டது உண்மை. போடச் சொன்னது நான். அதுகளுக்குச் சத்து வேண்டும், நீயாவது பார் என்று அவனுக்கு எழுதினேன். யூரியா என்ற சொல்லை எழுதவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உழவனிடம் சத்து என்றால் அவன் என்ன பழச்சாறா ஊற்றுவான்? நன்றாக நடந்திருந்தால், என் யோசனைதான் என்று இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லியிருப்பேன். காவலாளியிடம் சொல்லியிருப்பேன், பல் டாக்டரிடம் சொல்லியிருப்பேன், அந்த நிருபரைத் திரும்பக் கூப்பிட்டும் சொல்லியிருப்பேன். அதனால் இதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

நீ சர்க்கரைத் தண்ணீர் என்றபோது நான் கேட்டேன், நீ சிரித்தாய். அது எனக்குச் சுருக்கென்றது. உனக்கு ஒன்றும் தெரியாது பாட்டி என்று நீ சொன்ன மாதிரி இருந்தது. நீ அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும், எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டிவிட்டேன்.

உன் தாத்தாவைக் கொட்டகைக்குள் விடு. என்னிடம் வேண்டுமானால் பேசாதே. அவன் சொல்லியிருக்காவிட்டால், உன் பீப்பாய் கெட்டது என்று உலகத்துக்கே எழுதியிருப்பாய். நான் சொல்லாதே என்று எழுதியிருந்தேன், அதையும் தெரிந்துகொள்.

தம்பி, அந்த நிருபருக்கு நேற்றுப் போன் செய்தேன். தம்பி கெடுத்தான் என்று போட்டீர்களே, அக்காவும் கெடுத்தாள் என்று போடுங்கள் என்றேன். அது செய்தி இல்லையாம். வைத்துவிட்டார்.

அக்கா

---

அக்டோபர் 21

அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை மாதம் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. எதை எழுதினாலும் கோடு திரும்ப ஏறிவிடுமோ என்று பயம்.

உன் கடிதத்தை அவள் நின்றுகொண்டே படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் கொட்டகைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. "பாட்டிகளும் தாத்தாக்களும் எதையும் உள்ளே போடக் கூடாது." கீழே ஒரு கிழவியும் கிழவனும் படம். உன் மூக்கை நன்றாக வரைந்திருக்கிறாள். உனக்கு அவள் போன் செய்ய ஒரு வாரம் ஆயிற்று என்று தெரியும். எனக்கு இன்னும் அதிகமாயிற்று. ஆகஸ்டில் ஒரு நாள் பிளாஸ்டிக் துண்டுகளைக் கழுவ வேண்டியிருந்தது. கூடையோடு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கழுவிக் கொடுத்தேன். இன்னொரு கூடை வந்தது. அப்படித்தான் உள்ளே போனேன். பாகு டிரம்மின் மேல் மட்டும் இன்னும் பூட்டு இருக்கிறது. இருக்கட்டும்.

செப்டம்பர் தொடக்கத்தில் கோடு சிவப்பைத் தாண்டிக் கீழே போயிற்று. அடுத்த வாரமும் கீழே, அதற்கடுத்த வாரமும் கீழே. நகராட்சி தன் ஆட்களை வைத்துத் தனியாகச் சோதித்தது, அதிலும் கீழே. ரியாக்டர் இங்கேயே இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறார்கள். கிணற்றில் இருந்த குடிக்கக் கூடாது பலகையைக் கழற்றினார்கள். வயலை விற்கப் போவதில்லை.

பல் டாக்டரிடம் சொல்வதற்கு இவ்வளவு போதும். மற்றதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

பலகையைக் கழற்றிய அன்று யாரும் வரவில்லை. தெருக்குழாயைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் ஓடியது, எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். லாரி நின்றுவிட்டதால் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிப் போனார்கள். உன் பேத்தி எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். நானும் குடித்தேன். நாங்கள் குடித்தால் என்ன? அவள் செய்தவள், நான் கெடுத்தவன், நாங்கள் குடிக்காமல் இருப்போமா என்ற மாதிரி பார்த்தார்கள். அவளுக்கு முகம் வாடிவிட்டது. சுவர்ப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு மேல என்ன காட்டணும் தாத்தா" என்று கேட்டாள்.

அவள் போன வாரம் ஊருக்குக் கிளம்பினாள். அடுத்த நாள் டீச்சரம்மா வாளியோடு குழாயடிக்கு வந்தார். பிடித்துக்கொண்டு போய் வாசல்படியைக் கழுவினார். அடுத்த தடவை துணி அலசினார். பிறகு செடிக்கு ஊற்றினார், ஒரு செடிக்கு மட்டும். இரண்டு நாள் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து களை பிடுங்கினேன்.

நேற்று வாளியை அடுக்களைக்குள் கொண்டுபோனார். எதற்கு என்று தெரியாது, கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலிப் பக்கத்து ஜன்னல் திறந்தது, சோறு கொதிக்கிற ஆவி வந்தது.

தம்பி